ஜெயலெட்சுமியின் அளவு

அக்காவின் ரவிக்கைக்குள் கையை விட்டுப் பிரியந்தி பஞ்சை இழுத்தாள். ஒரு பிடி வந்தது. மறுபடியும் விட்டாள், இன்னொரு பிடி. அதற்கும் அடியில் பழைய சேலைத் துண்டு ஒன்றை உருண்டையாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதையும் இழுத்துப் பெட்டிக்கு வெளியே தரையில் போட்டாள்.

"என்னடி பண்ற?" என்றாள் அம்மாக்கண்ணு.

பெட்டிக்குள் கிடந்த ஜெயலெட்சுமிக்கு அம்மாக்கண்ணு நாத்தனார். ஜெயலெட்சுமியின் புருஷன் விஜிதரனுக்கு அக்கா. காலையில் பிரேதத்தைப் பதப்படுத்திய மலர்ச்சாலைக்காரர்கள் பெட்டியை இறக்கிவிட்டுப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கூறைச்சேலை உடுத்திவிட்டவள் அவள்தான். பஞ்சு வைத்தவளும் அவள்தான்.

"எங்கக்காவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் கெடையாது மதினி. ஆப்பரேசனுக்கு அப்புறம் கெடையாது. இன்னைக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

சுற்றி நின்ற பெண்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே தப்புக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதத்து அக்கரப்பத்தனை மழைக்கு எழவு வீடு, கல்யாண வீடு என்றெல்லாம் பேதம் கிடையாது. கொட்டகைத் தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"சுமங்கலியா போறவ நெறைஞ்ச பொம்பளையா போகணும். கொறையோட பொதைச்சா அடுத்த பொறப்புலயும் கொறையோடதான் வருவா. சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்?"

சின்னப் பிள்ளைக்கு நாற்பது வயது. கொட்டகலையில் கட்டிக்கொடுத்து, மகளுக்கே மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வந்துவிட்டது.

அம்மாக்கண்ணு கெட்டவள் இல்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஜெயலெட்சுமிக்குக் கஞ்சி ஊட்டியதும், புண்ணைக் கழுவியதும் அவள் கைதான். அதனால்தான் பிரியந்திக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. கெட்டவளாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் வாயை அடைத்திருக்கலாம். பாசம் வைத்தவள் பஞ்சை வைத்தால் என்ன செய்ய?

துணி வைக்கிற தகரப் பெட்டியைத் திறந்து அக்காவின் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதைத்தான் போடணும்."

"அதையா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோருக்கும் அந்த ஸ்வெட்டரைத் தெரியும்.

ஜெயலெட்சுமி குள்ளம். தோள் ஒடுக்கம், இடுப்பு நல்ல அகலம். ஹட்டனில் நடைபாதையில் குவித்து விற்கிற பழைய ஸ்வெட்டர் எதுவும் அவளுக்குப் பொருந்தியதில்லை. தோளுக்குச் சரியாக எடுத்தால் இடுப்புக்கு மேல் ஏறி நிற்கும். இடுப்புக்கு எடுத்தால் கை முழங்கால்வரை தொங்கும். குளிருக்குத்தானே என்று மற்றப் பெண்கள் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனார்கள். இவளுக்கு அது ஆகாது. "சாக்குல கட்டுன உருளக்கெழங்கு மாதிரி நான் ஏன் போகணும்?" என்பாள். அதே பழைய ஸ்வெட்டர்களை வாங்கிவந்து பிரிப்பாள். நூலைக் கண்டாக்கி நனைத்து, சுருள் நிமிர அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அடுப்படியில் உலர்த்தி, தன் உடம்புக்கென்று மறுபடி பின்னுவாள். இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் கண்ணியைக் குறைப்பாள், விரிகிற இடத்தில் கூட்டுவாள். அதைப் போட்டுக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வந்து நின்றால், பேர் கூப்பிடுகிற கங்காணிக்கு அடுத்த பேர் மறந்துபோகும். தனக்கு ஓர் இடுப்பு இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கும் தெரியவைத்தாள்.

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டு அனுப்பியபோது, அம்மாக்கண்ணு பஞ்சு வைத்து ஓர் உள்பாடி தைத்துக்கொடுத்தாள். ஜெயலெட்சுமி ஒருநாள் போட்டுப் பார்த்தாள். "இது என் அளவு இல்ல மதினி" என்று கழற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு உட்கார்ந்து பின்னியதுதான் இது. நாவல்பழ நிறம், முன்பக்கம் பொத்தான். வலது பக்கம் மார்புக்கு இடம் விட்டு, இடது பக்கம் பலகைபோல நேராக. அந்த நேரான பக்கத்தில்தான், தோளிலிருந்து இடுப்புவரைக்கும், பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை. மறைக்க நினைக்கிறவள் அந்த இடத்தில் மஞ்சளை வைப்பாளா? மாரியம்மன் தேருக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாள். ஓரக்கண்ணால் பார்த்தவர்களிடம், "நல்லாவே பாருங்க. கடையில கெடைக்காது" என்றாள்.

"தம்பியக் கூப்புடுங்க. அவன் சொல்லட்டும்" என்றாள் அம்மாக்கண்ணு.

விஜிதரன் வந்து வாசலில் நின்றான். தேயிலை ஃபேக்டரியில் இயந்திரச் சத்தத்துக்குள்ளேயே காலம் தள்ளிய மனுசன். வீட்டிலும் பேசிப் பழக்கமில்லை. அவன் பங்குக்கும் சேர்த்து ஜெயலெட்சுமியே பேசிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நீங்க சொல்லுங்க. அக்கா எப்புடிப் போகணும்?"

அவன் ஸ்வெட்டரைப் பார்த்தான். தரையில் கிடந்த பஞ்சைப் பார்த்தான். மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"மழை விடுற மாதிரி இல்ல. இன்னொரு தகரம் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நல்ல ஆம்பளை! பிரியந்திக்குக் காறித் துப்பலாம்போல இருந்தது. இவனோடு அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ. சரி, கேட்டாகிவிட்டது. இனி யாரையும் கேட்பதில்லை என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அக்காவின் கை விறைத்திருந்தது. மடங்க மறுத்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற வேலாயி கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"பின்பக்கம் கத்தரிச்சுட்டா லேசா மாட்டிரலாம். முன்னால பாக்குறவங்களுக்குத் தெரியாது."

"வெட்ட வேணாங்க்கா. கம்பளி இழுத்தா குடுக்கும். ஒரு பக்கமா தூக்கிப் புடிங்க."

வேலாயி தூக்கினாள். இன்னும் இருவர் வந்து கைகொடுத்தார்கள். ஒரு கையை நுழைத்து, முதுகுக்கு அடியால் சுற்றிக்கொண்டுவந்து, மற்றக் கையை விரல்விரலாக உள்ளே தள்ள வேண்டியிருந்தது. அந்த விரல்கள் குளிர்ந்துபோய்க் கிடந்தன. பிரியந்திக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தன்னை இனி யாரும் 'ஏய் கொட்டகலைக்காரி' என்று கூப்பிடப்போவதில்லை. அழுதபடியே கீழேயிருந்து மேலாகப் பொத்தான்களைப் போட்டாள். கூறைச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் படிந்து உட்கார்ந்தது. வலது பக்கம் நிறைந்திருந்தது. இடது பக்கம், நேரே இறங்கியது மஞ்சள்.

அம்மாக்கண்ணு தரையிலிருந்த பஞ்சைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாவத்த நீ சொமந்துக்க."

"சொமக்கிறேன் மதினி."

பெட்டியைத் தூக்கிக் கொட்டகையில் வைத்தார்கள். தப்பு முழங்கியது. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒரு நொடி கூடுதலாகவே நின்றார்கள்.

"ஸ்வெட்டரோடயா போறா? அங்கேயும் குளிருமோ?" என்றாள் கீழ் லயத்துக்காரி ஒருத்தி.

"குளிரும். ஒனக்கு என்ன?" என்றாள் வேலாயி.

மூடிபோடும் முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிற்கவைத்துப் படம் எடுப்பது வழக்கம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படம். டவுன் ஸ்டுடியோக்காரன் குடைக்குக் கீழே நின்று ஆட்களை ஒழுங்குபடுத்தினான். விஜிதரன் தலைமாட்டில், அம்மாக்கண்ணு அவன் பக்கத்தில், பிரியந்தி எதிரில். அவன் கேமராவுக்குள் பார்த்தான். பிறகு கேமராவை இறக்கினான்.

"அண்ணே, கழுத்துல கெடக்குற பெரிய மாலைய கொஞ்சம் இடது பக்கமா இழுத்து விடுங்க. எப்பவும் பாக்கப்போற படம். பாக்க ஒரு மாதிரி இருக்கக்கூடாதுல்ல."

அம்மாக்கண்ணுவின் கை மாலையை நோக்கி நீண்டது. பிரியந்தி வாயைத் திறந்தாள்.

அதற்குள் விஜிதரன் மாலையைத் தூக்கிவிட்டான். ஈரத்தோடு கனத்த மாலை. அதைக் கொண்டுபோய் ஜெயலெட்சுமியின் காலடியில் வைத்தான்.

ஸ்டுடியோக்காரன் விழித்தான். "அப்ப மறைக்காம எடுக்கவா?"

"மறைக்காம எடு."

"தம்பி" என்றாள் அம்மாக்கண்ணு.

அவன் திரும்பவில்லை. பெட்டியைத் தூக்கி வைத்த அசைவில் ஸ்வெட்டர் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. விஜிதரன் குனிந்து இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்து, மெல்லக் கீழே இழுத்து, அது உட்கார வேண்டிய வளைவில் உட்காரவைத்தான்.