விசேஷமில்லாத ஊர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்துகொண்டிருக்கும் பெருமக்களே, வண்டியைச் சற்று ஓரம் கட்டுங்கள். மரக்காணத்து உப்புக் குவியல்களைப் படம் பிடித்தது போதும். அந்தக் குவியல்களுக்கு அப்பால், கழிமுனைக்குப்பத்து மாதா கோயில் முற்றத்தில் ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. வந்து உங்கள் கண்ணால் பாருங்கள். திருவிழாவுக்காக இன்று மாலை அந்தக் கொடிமரத்தில் ஏற வேண்டியது மாதாவின் நீலக் கொடி. பறப்பதோ சிவப்புக் கொடி. கட்சிக் கொடியென்று நினைத்துவிடாதீர்கள். அது எதிரி நாட்டுக் கொடி.

பதற வேண்டாம். அந்த எதிரி நாடு எந்த உலகப் படத்திலும் இல்லை. கடல்வழியே பகைவர் புகுந்தால் என்ன செய்வதென்று படையினர் ஒத்திகை நடத்தினார்கள். அதற்காக ஒரு பிரிவு 'சிவப்பு நாடு' ஆனது, இன்னொரு பிரிவு 'நீல நாடு' ஆனது. விடியலில் சிவப்பு நாடு ரப்பர் படகுகளில் வந்திறங்கி ஊரைக் கைப்பற்றியது. மறுநாள் காலையில் நீல நாடு வந்து மீட்கும். அதுவரையில் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ஒலிபெருக்கி முழங்கிற்று. மற்றபடி, உண்மையாகவே எதிரி வந்தால் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே நடந்துகொள்ளுங்கள் என்றும் அதே ஒலிபெருக்கி அறிவுறுத்திற்று.

ஊருக்கு அது திருவிழாவுக்கு முந்திய திருவிழாவாகிவிட்டது. ஹபீப் முஹம்மது தம் டீக்கடைக்கு வந்த படையெடுப்பாளர்களை, "நாட்டைப் புடிச்சிக்கோங்க தம்பி, பெஞ்சை மட்டும் உட்ருங்க, கஸ்டமர் உக்காரணும்" என்று கேட்டுக்கொண்டார். ஊரே சிரித்தது. சிரிக்காதவள் மெர்லின் ஒருத்திதான்.

உப்பளத்தில் உப்பு வாருகிறவள் மெர்லின். குடியிருப்பது உப்பளத் தெரு. கழிமுனைக்குப்பத்தில் கோயில் ஒன்று, ஞானஸ்நானத் தொட்டி ஒன்று, தெரு மட்டும் இரண்டு. பெரிய தெருவின் கைக்குக் கொடிக்கயிறு; உப்பளத் தெருவின் கண்ணுக்குக் கொடி. ஞானஸ்நானத் தண்ணீர் தலையை நனைத்ததே தவிர, தலைக்குள் குடியிருந்த சாதியை நனைக்கவில்லை. ஆண்டாண்டாக வாதாடி, ஆயர் இல்லத்துப் படிக்கட்டைத் தேய்த்து, இந்த ஆண்டு கொடியேற்றும் முறையை உப்பளத் தெருவுக்கு வாங்கியிருந்தாள் மெர்லின். முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாலைச் செபத்துக்கான திரிகால மணி அடிப்பதற்குள் கொடி ஏறியாக வேண்டும்; தவறினால் முறை பெரிய தெருவுக்கே திரும்பிவிடும்.

கோயில் வாசலில் சிவப்பு நாட்டின் தளபதி நின்றிருந்தார். ராஜ்கமல் என்று பெயர், சேலத்துக்காரர். தலைக்கவசத்தில் வேப்பிலைக் கொத்தைச் செருகியிருந்தபடியால், பார்ப்பதற்குப் பாதி வீரராகவும் பாதி கரகாட்டக்காரராகவும் தோன்றினார்.

"சார், சாயங்காலம் கொடியேத்தணும். உங்க கொடியைக் கொஞ்சம் எறக்கிக்கோங்க" என்றாள் மெர்லின்.

"இது இப்ப எங்க ஹெட்குவார்ட்டர்ஸ் மேடம். நாளைக்குக் காலி பண்ணிடுவோம். அப்ப ஏத்திக்கோங்களேன்."

"நாளைக்கு முறை எங்களுது இல்லீங்க."

ராஜ்கமல் நெற்றியைச் சுருக்கினார். "இன்னைக்கு ஊர்ல விசேஷம் எதுவும் இல்லைன்னு சொன்னாங்களே. அதைக் கேட்டுக்கிட்டுத்தானே தேதியே வெச்சோம்."

"யாரு சார் சொன்னது?"

"உங்க கோயில் கமிட்டித் தலைவர். இருதயநாதன் சார்."

விசேஷம் இல்லை. பெரிய தெருவில் புது பைக்குக்கு மாலை போட்டால் விசேஷம். பெரிய தெருப் பிள்ளை பத்தாம் வகுப்பில் தப்பித் தவறித் தேறிவிட்டால் விசேஷம். உப்பளத் தெரு முதன்முதலாகக் கயிற்றைத் தொடும் நாள் மட்டும் விசேஷம் இல்லை. இருதயநாதன் பொய் சொல்லியிருந்தால்கூட மெர்லினுக்கு இவ்வளவு வலித்திராது. அவர் மனதார நம்பியல்லவா சொல்லியிருக்கிறார்!

அந்த நேரம் பார்த்து இருதயநாதனே பைக்கில் வந்து நின்றார். "என்ன மெர்லின், மூஞ்சி கழித்தண்ணி குடிச்ச மாதிரி இருக்குது?"

"விசேஷம் எதுவும் இல்லைன்னு சொன்னீங்களாமே, தலைவரே."

"நாட்டுப் பாதுகாப்பும்மா. பட்டாளத்துக்கிட்டப் போயி மல்லுக்கா நிக்க முடியும்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் முறை யாருது?"

"அதைக் கமிட்டியில பேசிக்கலாம்" என்று சொல்லி, பைக்கை முடுக்கி, புகையைப் பதிலாக விட்டுவிட்டுப் போனார் தலைவர்.

மெர்லின் நேரே ஆனந்தம்மாளிடம் போனாள். உப்பளத்தில் அவளுடைய கூட்டாளி அவர், வாய்க்குப் பெயர்போனவர். "அக்கா, நெஜமா எதிரி வந்தா எப்படி நடந்துக்குவோமோ அப்படி நடந்துக்கச் சொல்லி மைக்குல சொன்னாங்கல்ல? நெஜமா எதிரி வந்தா நீ கொடியேத்தாம வூட்டுல குந்திக்கினு இருப்பியா?"

"எம் புருஷன் தடுத்தே நான் குந்துனதில்ல. எதிரி யாருடி எனக்கு?" என்றார் ஆனந்தம்மாள்.

வெயில் தாழ்ந்த வேளையில், திருநாள் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உப்பளத் தெருப் பெண்கள் புறப்பட்டார்கள். முன்னால் நாலு பேர். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் நாலு பேர். அதற்குப் பின்னும் நாலு பேர். வாசலில் நின்ற காவல் வீரன் தடுத்தான்.

"நாலு பேருக்கு மேல கூடக் கூடாதும்மா."

"எண்ணிப் பாருப்பா, நாலுதான்" என்றார் ஆனந்தம்மாள்.

"பின்னாடி வர்றவங்க?"

ஆனந்தம்மாள் திரும்பிப் பார்த்து, "யாருன்னே தெரியலையே. வெளியூருங்க போல" என்றார். பின்னால் முதலாவதாக நின்றவள் அவருடைய சொந்த மருமகள்.

கடைசி வரிசையில் மூன்று பேரே தேறினார்கள். மூன்று பேராய்ப் போனால் காரியம் கெடும் என்று அவர்கள் தயங்கி நின்றபோது, பெரிய தெரு மாடியிலிருந்து ஒரு பெண் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். அவள் கிறிஸ்டி, இருதயநாதனின் மருமகள். "நாலாவது ஆளு நானு" என்றாள். மூடநம்பிக்கை ஒரு நல்ல காரியத்துக்குத் துணைபோனது, எனக்குத் தெரிந்து அந்த ஒருநாள்தான்.

முற்றம் நாலு நாலாக நிறைந்தது. ராஜ்கமல் அறிவழகனைப் பார்த்தார். அறிவழகன், கையில் வெள்ளைப் பட்டை கட்டிய ஒத்திகை நடுவர். எந்த நாட்டையும் சேராதவர். "சார், இவங்களை என்ன பண்றது?"

"ஜனங்க மேல கை வெக்கக் கூடாது, அது விதி. வேற என்ன பண்ணலாம்னு நீங்கதான் யோசிக்கணும். ஊரைப் புடிச்சது நீங்கதானே."

தளபதி யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, மெர்லின் சிவப்புக் கொடியை இறக்கி, மடிப்புக் கலையாமல் மடித்து அவர் கையில் கொடுத்தாள். "இந்தாங்க சார். மண்ணு படல." பங்குத்தந்தை பெஞ்சமின் சாமியார் வெளியே வந்து, நீலக் கொடியின் மேல் தீர்த்தம் தெளித்தார். உப்பு அரித்துக் காய்த்துப்போன கைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கயிற்றைப் பற்றின. மெர்லின் இழுத்தாள். கப்பியில் ஒரு கணம் சிக்கிற்று. மறுபடி இழுத்தாள். கழிவெளிக் காற்று கொடியை வாங்கி விரித்தது. மாதா நீலத்தில் சிரித்தாள். "மரியே வாழ்க" என்ற குரல் அடங்கிய பிறகே திரிகால மணி அடித்தது.

மணியோசைக்குப் பின்னாலேயே ஒரு விசில் சத்தம் கேட்டது. ஊதியவர் அறிவழகன்.

"ஊர் மீட்கப்பட்டது" என்றார் அவர்.

"சார், அது மாதா கொடி" என்றார் ராஜ்கமல்.

"சிவப்பு எறங்கி நீலம் ஏறினா ஊரு நீல நாட்டுக்குச் சொந்தம். கொடியில யாரு படம் இருக்குதுன்னு விதி கேக்கல. நீங்க எல்லாரும் இப்ப கைதி."

"நீல நாட்டுக்காரங்க இன்னும் மரக்காணத்துல பரோட்டா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க சார்."

"அவங்களுக்குச் சேதி சொல்லிடறேன். பொறுமையா சாப்பிடட்டும்."

ராஜ்கமல் வேப்பிலையோடு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு நாட்டையே விடுவித்துவிட்ட சேதி மெர்லினுக்கு அப்போதுதான் மெல்லப் புரிந்தது. ஆனந்தம்மாளுக்கோ வேறு கவலை. "கைதின்னா சோறு போடணுமில்ல? வாங்கப்பா, வரிசையா உக்காருங்க." சிவப்பு நாட்டுப் படை முழுவதும் சம்மணமிட்டு அமர்ந்தது. திருநாள் பொங்கலுக்குத் தளபதி இரண்டாம் முறையும் இலையை நீட்டினார்.

இருதயநாதன் வந்தார், கொடியைப் பார்த்தார், பிறகு தம் மருமகளைப் பார்த்தார். "இது செல்லாது. பட்டாள வெளையாட்டுல ஏத்துன கொடி. ஞாயித்துக்கெழமை கமிட்டி கூடி முடிவு பண்ணும்."

"ஆசீர்வாதம் பண்ணது நானு. அதுவும் வெளையாட்டுதானா?" என்று கேட்டார் சாமியார்.

"கூடுங்க தலைவரே. நாங்களும் வர்றோம்" என்றாள் மெர்லின், பொங்கல் கரண்டியைக் கீழே வைக்காமலே. "நீங்களும் சாப்பிட்டுட்டுப் போங்க, ஆறிடும்."

பெருமக்களே, நீங்கள் கண்ணாரப் பார்த்துவிட்டீர்கள்; இனி பார்க்கவில்லை என்று தப்ப முடியாது. உங்கள் ஊரிலும் ஒரு கயிறு உண்டு. அது கொடிக்கயிறாக இருக்கலாம், தேர்வடமாகவும் இருக்கலாம். அதைத் தொடவிடாமல் தள்ளி நிறுத்தப்பட்ட தெரு எதுவென்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருவுக்குப் போங்கள், அவர்களோடு சேர்ந்து உங்கள் கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழையுங்கள். கயிறு அவர்கள் கைக்கு வரும்வரையில், நாற்காலி போட்டாலும் உட்காராதீர்கள்.