நாலாவது கை

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை, உறைந்து கிடந்த வெல்மா ஆற்றின் மேல் பத்தடி நடந்து கம்பியால் குத்திப் பார்த்தேன். இரண்டாவது குத்திலேயே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி, இன்று முதல் நடந்துகூட யாரும் ஆற்றைக் கடக்கக் கூடாது என்று உத்தரவு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வாசல் பலகையில் ஒட்டினேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் பதினோரு மணிக்கு என் ராஜினாமாவை ஏற்பதற்கான கூட்டம். அதற்கு வரவேண்டிய நாலாவது உறுப்பினர் ஸவேலி இருப்பது அக்கரையில். வெளியே போகிற கதவை நானே என் கையால் சாத்தியிருக்கிறேன்.

உஸ்த்-வெல்மா ஊராட்சிக்கு ஒன்பது வருடமாக நான்தான் தலைவி. தலைவி என்றதும் காரும் டிரைவரும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வரைபடத்தில் ஆறு ஊர்கள். அதில் நாலில் ஆளே கிடையாது. இக்கரையில் நூற்று நாற்பது பேர், அக்கரையில் ஸரேச்யே என்ற ஊரில் பத்தொன்பது பேர். மாவட்டத் தலைநகர் அறுபத்திரண்டு கிலோமீட்டர். மன்றத்தில் ஏழு இடம். ஒருவர் இலையுதிர்காலத்தில் செத்துப்போனார், இரண்டு பேர் நகரத்துக்குப் பிள்ளைகள் வீட்டோடு போய்விட்டார்கள். இடைத்தேர்தல் வைத்தோம், ஒருத்தரும் நிற்கவில்லை. மிச்சம் நாலு பேர். என்னை விடுவிக்க நாலு ஓட்டு வேண்டும், மூன்று போதாது. விடுவிக்காமலே கிளம்பிப் போனால், வெள்ளத்தில் ஒரு ஆள் விழுந்து செத்தாலும் வழக்கு என் பேரில்தான் வரும்.

போகவேண்டிய அவசரம் எனக்குச் சும்மா வரவில்லை. என் கணவர் அர்காதி பதினோரு வருடமாக ஆர்ஹாங்கெல்ஸ்க் நகரத்தில் மரக்கிடங்கு வேலை. பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இருபதாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். நாலாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. முன்பெல்லாம் போனில் மீன் பிடித்த கதையை மணிக்கணக்கில் அளக்கிற மனுஷன், இப்போது 'எப்போ' என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறார்.

மாவட்டத் தலைவரிடம் சொன்னேன். "வர்ற ஜனவரியில எல்லா ஊராட்சியையும் கலைச்சு மாவட்டத்தோட சேக்கப்போறோம், தைஸியா ரொதியோனவ்னா. உங்க பதவியே இருக்காது. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டுங்க" என்றார். ஜனவரி வரைக்கும் அர்காதி யார் பல்லைக் கடிப்பார் என்று கேட்க வாய் வரை வந்தது. 

ஆறு கெட்டியாக இருந்தபோதே இரண்டு தடவை கூட்டம் போட்டேன். முதல் தடவை கொதிகலன் பார்க்கிற லியோன்யா மூன்று நாள் குடியில் மல்லாந்து கிடந்தான். இரண்டாவது தடவை கடைக்காரி ஃபயீனா பல் பிடுங்கத் தலைநகருக்குப் போய்விட்டாள். வருஷம் முழுக்க வலித்த பல்லைப் பிடுங்க அந்த ஒரு நாள்தானா கிடைத்தது அவளுக்கு?

வழி கண்டுபிடித்தவள் ரிம்மா. நூலகத்தில் இருக்கிறாள், மன்றக் கூட்டத்தை நடத்துகிறவளும் அவள்தான். உத்தரவு ஒட்டிய அன்று சாயங்காலமே விதிப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட எட்டு கிலோமீட்டர் வரைக்கும் நம்ம எல்லைதானே. உறுப்பினருங்க எல்லைக்குள்ள இருக்கணும், ஒருத்தரையொருத்தர் பாக்கணும், கேக்கணும். ரூமுக்குள்ளதான் நடத்தணும்னு எங்க எழுதியிருக்கு?"

"ஆத்தங்கரையில கூட்டமா?" என்றாள் ஃபயீனா.

"நல்லதாப் போச்சு, ரொதியோனவ்னா. உங்க ஆபீஸ்ல உக்காந்தா எனக்குத் தூக்கம்தான் வருது" என்றான் லியோன்யா.

ஸவேலிக்குப் போன் போட்டேன். "சரி, வந்து நிக்கறேன்" என்றார்.

பத்தாம் தேதி பதினோரு மணிக்கு இக்கரையில் மூன்று உறுப்பினர்களும், ஓட்டில்லாத நானும். ரிம்மா கையில் தீ எச்சரிக்கைக்கு வைத்திருக்கிற ஒலிபெருக்கி. ஆறு அந்த இடத்தில் இருநூறு மீட்டர்கூட இருக்காது. அக்கரையில் ஸவேலி மட்டும் வருவார் என்று பார்த்தால் ஊரே வந்திருந்தது. பதினேழு தலை எண்ணினேன். ஸவேலியின் மனைவி அக்னியாவைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து இழுத்து வந்திருந்தார்கள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. பனி உடைந்து ஓடுகிற மூன்று வாரமும், தலைநகரிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருகிற அவளுடைய இன்சுலினை என் படகில் நான்தான் கொண்டுபோவேன், மிதந்து வருகிற பாளங்களைக் கழியால் தள்ளித் தள்ளி. போன வருஷம் படகு சாய்ந்து இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். இந்த வருஷத்துக்கு லியோன்யாவைக் கூட்டிப்போய் எல்லாம் காட்டியிருந்தேன். சரி சரி என்று தலையாட்டினான்.

ரிம்மா பெயர் கூப்பிட்டாள். "இருக்கேன்" என்று ஸவேலியின் குரல் ஆற்றைத் தாண்டி வந்தது. உறுப்பினர்கள் நாலு பேர். கூட்டம் செல்லும்.  மனசுக்குள் பெட்டிகூடக் கட்டிவிட்டேன்.

"தைஸியா ரொதியோனவ்னாவைப் பொறுப்பிலேருந்து விடுவிக்கச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க."

ரிம்மா தூக்கினாள். ஃபயீனா ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கையைத் தூக்கினாள். லியோன்யா இரண்டு கையையும் தூக்கினான்; ரிம்மா ஒன்றைத் தட்டி இறக்கினாள். அக்கரையில் ஸவேலி, பஞ்சுச் சட்டைப் பைக்குள் இரண்டு கையையும் விட்டபடி நின்றார்.

நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். "ஸவேலி குஸ்மிச், காதுல விழலியா?"

"விழுந்துச்சு."

"போன்ல சரின்னீங்களே."

"வந்து நிக்கறேன்னு சொன்னேன். நிக்கறேன்."

"மருந்தை லியோன்யா கொண்டு வருவான். எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்."

இரண்டு கரையும் லியோன்யாவைப் பார்த்தது. அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். காலை பதினோரு மணிக்கே அவன் மேல் வோத்கா வாடை.

"தைஸியா, நீயே சொல்லு. அவன் வருவானா?" என்றார் ஸவேலி.

வருவான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஒலிபெருக்கி வாயருகில்தான் இருந்தது. நாசமாய்ப் போ ஸவேலி என்று மனசுக்குள் திட்டினேன். அர்காதிக்கு இன்னும் பத்தே நாள். அப்படியும் அந்தச் சொல் வரவில்லை.

"மறுபடி கேக்கட்டுமா?" என்றாள் ரிம்மா மெதுவாக.

தலையாட்டினேன். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, முதலில் சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். ஆற்றின் மேலிருந்து காற்று எழும்பி அக்கரைக்காரர்களின் முகத்தில் அடித்தது. ஸவேலி மட்டுமில்லை, பதினேழு பேரில் ஒருத்தரும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்னியாவின் முக்காடு நழுவித் தோளில் விழுந்து, நரைத்த முடி பறந்தது. எங்கே அதையும் ஓட்டாக எண்ணிவிடுவோமோ என்று பயந்தவள்போல, அவள் கையைத் தூக்கி அதைச் சரிசெய்யாமல், வெறுந்தலையோடு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.