இருபத்துமூன்றாம் நம்பர் கம்பு

பதினாலாயிரத்து முந்நூறு. சல்லிக்காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்புக்காரர் ஆபீசுக்குத் தர வேண்டிய கடன் அது. மனைவிக்குப் பித்தப்பையில் கல் வந்து அறுவை சிகிச்சை செய்தபோது முன்பணமாக வாங்கியது முப்பத்திரண்டாயிரம். இரண்டு வருடம் கூலியில் பிடித்தது போக மீதி இவ்வளவு. கணக்கர் மாதாமாதம் பேரேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து அந்த எண்ணின் மேல் விரலை வைப்பார். வாயால் சொல்ல மாட்டார். காதால் கேட்டது மறந்து போகும், கண்ணால் பார்த்தது சோற்றுத் தட்டிலும் தெரியும் என்பது அவர் கணக்கு.

ஆபீஸ் என்றால் பனியாற்றை ஆராயும் ஆபீஸ். மலை இடுக்கில் ஆறு மாதிரி நீண்டு கிடக்கும் பனிக்கட்டி வருடத்துக்கு எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பதுதான் அங்கே தலையாய வேலை. கம்ப்யூட்டர், செயற்கைக்கோள் என்று என்னென்னவோ வந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை என்னவோ மூங்கில் கம்புதான். ஏறக்குறைய இரண்டிரண்டு மீட்டராக, ஒன்று ஒரு முழம் கூட, ஒன்று ஒரு முழம் குறைய, மூன்று துண்டு கோத்தால் ஆறு மீட்டர் போல வரும்; மூங்கிலில் எதுவும் ஒரே அளவாக இருக்காது. கொதிக்கும் ஆவி வரும் குழாயால் பனியில் துளை போட்டு, தலை மட்டும் தெரிய உள்ளே இறக்கிவிடுவார்கள். பனி கரையக் கரையக் கம்பு வெளியே வரும். போன வருடம் முழங்காலுக்கு நின்றது இந்த வருடம் தலைக்கு மேல் நின்றால், இடையில் போன பனி எவ்வளவு என்று டேப்பைப் பிடித்துச் சொல்லிவிடலாம். மொத்தம் நாற்பது கம்புகள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர். ஒன்பது வருடமாக அவற்றை முதுகில் சுமந்து ஏறி, நட்டு, அளந்து வந்ததால் கம்புக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவியே சண்டை வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை டாக்டரம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஊசி போடும் டாக்டர் இல்லை. பனியைப் படித்துப் பட்டம் வாங்கியவர். அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கம்புக்காரர் நுனியில் உட்கார்ந்தார். முழுதாக உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காது.

விஷயம் இதுதான். செயற்கைக்கோள் படத்தை வைத்து வேலை செய்யும் வேறொரு குழு, பனியாறு டாக்டரம்மா சொல்வதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக இறங்கிவிட்டது என்கிறது. யார் சொல்வது சரி என்று வியாழக்கிழமை பெரிய கூட்டம். டாக்டரம்மாவின் ஒன்பது வருட உழைப்பு, அச்சுக்குப் போயிருக்கும் கட்டுரை, எல்லாமே அந்த நாற்பது கம்புகளின் மேல்தான் நிற்கின்றன. அவர் பயந்தவராகத் தெரியவில்லை. அதைப் பார்த்துக் கம்புக்காரர் நாற்காலியில் இன்னும் நுனிக்கு நகர்ந்தார்.

"ஐயா, நான் அங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்லப் போறேன்" என்றார் டாக்டரம்மா. "வானத்துல இருந்து எட்டிப் பாக்கறதை விட, எங்க ஆளு குனிஞ்சு பாக்கறதை நான் நம்பறேன்னு."

கம்புக்காரர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

நடந்தது என்னவென்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்தில் நாலு கம்பு விழுந்து கிடந்தன. இரண்டாம் பருவத்தில் ஒன்பது. விழுந்தது விழுந்தது என்றே கம்புக்காரரும், ஆவிக்குழாயால் துளை போடும் துளைக்காரரும் எழுதிக் கொடுத்தார்கள். கம்பு ஒன்றுக்கு ஒரு நாள் கூலி பிடித்தமாயிற்று. நட்டவன் ஒழுங்காக நடவில்லை, அதனால் விழுந்தது; இது ஆபீஸ் விதி. ஒழுங்காக நட்டதுதான். பிடித்துக்கொண்டிருந்த பனி முழுக்கக் கரைந்து போனால் கம்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இதைக் கணக்கரிடம் சொல்லிப் பார்த்தார். விதியில் பனியைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார் கணக்கர்.

மூன்றாம் பருவத்திலிருந்து ஒரு கம்பும் விழவில்லை. அதாவது, விழுந்ததைக் கம்புக்காரரும் கூட வந்த துளைக்காரரும் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு குழி பறித்து, இடுப்பளவோ மார்பளவோ உள்ளே திணித்து, நின்றதும் டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அளவு எழுதியானதும் கம்பு பழசாகிவிட்டது என்று சொல்லிப் புதுக்கம்பை ஆழமாக இறக்கிவிட்டு, பழையதைப் பிரித்து அடித்துண்டைக் கீழே கொண்டுவந்து ஆபீஸ் கொட்டகையில் ஒரு மூலையில் போட்டார்கள். திணித்த அளவுக்குப் பனி கரையவே இல்லை என்று நோட்டில் ஏறிவிடும். கூலி மட்டும் குறையாது.

ஒவ்வொரு முறையும், பனிமட்டம் தொட்ட இடத்தில் கம்புக்காரர் கத்தியால் ஒரு சின்ன வெட்டு போடுவார். வெட்டுக்குக் கீழே இருக்கும் நீளம் மறைத்த பனி. யாரும் போடச் சொல்லவில்லை. எதற்கய்யா வேண்டாத வேலை என்று துளைக்காரர்கூடக் கேட்டார். பொய் சொன்ன இடத்தில் ஓர் அடையாளமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பிவிடுவேன் என்றார் இவர். துளைக்காரர் இப்போது எங்கேயோ லாரி ஓட்டுகிறார். வெட்டுகள் மட்டும் இருக்கின்றன.

வீட்டுக் கொல்லையிலும் ஒன்று இருந்தது. துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்க எடுத்து வந்த அடித்துண்டு. சிவப்பில் இருபத்துமூன்று என்று எழுதியிருக்கும். புதன்கிழமை காலை மனைவி அதில் ஈரப் போர்வையைப் போட்டுக்கொண்டே அவரைப் பார்த்தாள். இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிற மனுஷன்.

"என்ன, கடன்காரன் கனவுல வந்தானா?"

ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கு இப்படி மூஞ்சி தொங்காது என்றாள். பிறகு கம்பில் விரலை ஓட்டி, அந்த வெட்டில் நிறுத்தினாள். நாலு வருடமாக இதில் துணி சிக்கிக் கிழிகிறது, எதற்காக வெட்டினாய் என்று எத்தனை தடவை கேட்டும் பதில் வரவில்லை, இன்றைக்காவது சொல் என்றாள்.

சொன்னார். கொடியில் போர்வை சொட்டிக்கொண்டிருக்க, முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். வேலை போகும், போனால் கடனை மொத்தமாகக் கேட்பார்கள், கையில் முந்நூறுகூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.   மனைவி போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்தம்மா உன்னை நம்பி நாலு பேர் முன்னாடி நின்னு பேசப் போகுதுங்கிற. அப்புறமும் இங்கயே நிக்கறியே."

"கடன்?"

"என் வயித்துல இருந்த கல்லுக்கு வாங்கின கடன். அதுக்காக நீ வாயில கல்லை வெச்சுக்காதே."

ஆபீஸ் மாடிப்படி பதினெட்டு. அன்றைக்கு எட்டாயிரம் அடி உயரம் போல இருந்தது. டாக்டரம்மா கூட்டத்துக்கான படங்களைத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்புக்காரர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடி, துளைக்காரரின் பேச்சை எடுக்காமல், எல்லாம் நானே செய்தேன் என்று சொன்னார். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திரையை அணைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணும்மா."

"ஏன்?"

கூலிப் பிடித்தத்தைச் சொன்னார். டாக்டரம்மாவுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. யார் போட்டது என்று கணக்கரைக் கூப்பிட்டுக் கேட்டார், குரல் அப்போதுதான் உயர்ந்தது. கணக்கர் போய் ஒரு ஃபைலைத் தூசி தட்டி எடுத்து வந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தாள். சாமான் சேதத்துக்குக் கூலிப் பிடித்தம் பற்றிய பட்டியல்: கயிறு, டேப், கூடாரம், கம்பு. கணக்கர் வழக்கம்போல வாயால் சொல்லவில்லை. தாளின் அடியில் விரலை வைத்தார். டாக்டரம்மாவின் கையெழுத்து. புதிதாகப் பொறுப்பேற்ற வாரத்தில் ஒரு கட்டுத் தாளில் மடமடவென்று போட்ட கையெழுத்துகளில் ஒன்று.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். கம்புக்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பதற்கு அந்த அறையில் இடம் இல்லாமல் போயிருந்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் டாக்டரம்மா தன் அளவுகள் தவறு என்று சொல்லி, அச்சுக்குப் போன கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த குழுவில் ஒருவர் சிரித்ததாகவும், இன்னொருவர் எழுந்து வந்து கை கொடுத்ததாகவும் கணக்கர் வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை கம்புக்காரருக்கு ஓர் உத்தரவு வந்தது: இனி பனியாற்றில் அளவெடுக்கும் வேலை இவருக்குத் தரக்கூடாது. கீழேயே இன்னொரு தாள். கொட்டகையில் கிடக்கும் வெட்டுப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் எந்த வருடம், எந்த இடம், எவ்வளவு மறைத்தது என்று இவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பழைய போட்டோவோடு ஒத்துப் பார்த்தால் ஏழு வருடக் கணக்கை முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது மீட்கலாம் என்பது டாக்டரம்மாவின் நம்பிக்கை.

இதற்கு என்ன கூலி போடுவது என்பதில் கணக்கருக்குத் தலைவலி வந்தது. சுமக்கவில்லை, நடவில்லை, ஏறவில்லை. ஆகவே இது கூலிவேலைக் கணக்கில் வராது. மீதி இருக்கும் ஒரே ரேட் ஆலோசகர் ரேட். ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூறு. விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தார், வேறு வழி கிடைக்கவில்லை.

"பனியில உயிரைக் குடுத்து ஏறினா நானூத்தம்பது" என்றார் கம்புக்காரரிடம், தன் வீட்டுப் பணம் போவது போல. "உக்காந்து பொய்யை ஒத்துக்கிட்டா ஆயிரத்து முந்நூறு. நல்லா இருக்குய்யா உன் பிழைப்பு."

கம்புக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணம் கைக்கும் வராது, நேரே கடனில் கழியும் என்பது ஒன்றுதான் ஆறுதல். வீட்டில் சொன்னபோது மனைவி, ஆலோசகரே, தண்ணீர்க் குடத்தை இறக்கி வையுங்கள் என்றாள்.

பத்து நாள் ஓடின. தினம் மூன்று துண்டுகள். மேசை மேல் ஒன்றைக் கிடத்துவார்கள். கம்புக்காரர் விரலால் வெட்டைத் தடவி, இது பாறைச் சரிவுக்குப் பக்கத்தில் நின்றது, அந்த வருடம் குழாய் உடைந்து இரண்டு நாள் சும்மா இருந்தோம், ஆகவே ஐந்தாம் பருவம் என்பார். டாக்டரம்மா போட்டோவைத் தேடி எடுத்துப் பார்ப்பார். சரியாக இருக்கும். வெட்டிலிருந்து அடிவரை அளந்து எழுதுவார். தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். நூற்றுப்பத்து. எண்பத்தேழு. இதற்குக் குறையாமல் கரைந்தது என்று ஓரத்தில் எழுதுவார். அதற்கு மேல் எவ்வளவு என்பது பனிக்குத்தான் தெரியும். இருவரும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், எழுதிக்கொண்டிருக்கும்போதே, தலையைத் தூக்காமல் டாக்டரம்மா கேட்டார்.

"அன்னிக்கே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே ஐயா?"

"உங்க ரூம் மாடியில இருந்துச்சும்மா" என்றார் கம்புக்காரர்.  டாக்டரம்மா அடுத்த துண்டைத் தன் பக்கம் இழுத்தார்.

பதினோராம் நாள் மிச்சம் ஒன்றே ஒன்று. இருபத்துமூன்றாம் நம்பர். துணியை எங்கே காயப்போடுவது, உன் தலையிலா என்ற மனைவியின் கேள்வியோடு அதைத் தோளில் வைத்துத் தெரு வழியே நடந்து வந்தார். மேசையில் கிடத்தியதும் டாக்டரம்மா டேப்பைப் பிடித்தார். வெட்டிலிருந்து அடிவரை பன்னிரண்டு சென்டிமீட்டர். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் கம்புக்காரருக்கு உறைத்தது. கொல்லைக்கு உயரமாக இருக்கிறது என்று அடியில் ரம்பம் போட்டு அறுத்து, அறுத்த முனை மேலே வரத் தலைகீழாக நட்டது. அறுத்த துண்டு அன்றைக்கே அடுப்புக்குப் போனது.

இந்த ஒரு கம்பு பனியாற்றின் மூக்கு நுனியில், ரொம்ப வேகமாகக் கரையும் இடத்தில் நின்றது. அங்கே வேறு கம்பு கிடையாது. இந்த எண் கிடைத்தால் அந்த வருடக் கணக்கு முழுமையாகிவிடும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அட்டவணையில் மற்ற முப்பது கட்டமும் நிரம்பி, இது மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"எவ்வளவு அறுத்தீங்க?"

"ஞாபகம் இல்லம்மா."

"ஏறக்குறைய? முழங்கை அளவா? கால் அளவா?"

அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. கம்புக்காரர் கண்ணை மூடிப் பார்த்தார். ரம்பம் தெரிந்தது, மனைவி அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டது தெரிந்தது, துண்டின் நீளம் மட்டும் தெரியவில்லை. தொண்ணூறு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். பக்கத்துக் கட்டங்களோடு ஒட்டிப் போகும். யாருக்கும் சந்தேகம் வராது. இந்தம்மாவுக்கு இவ்வளவு நஷ்டம் பண்ணியதற்கு இதையாவது செய்யலாம் போல நாக்கு நுனி வரை வந்தது.

"ஏறக்குறைய சொல்லிச் சொல்லித்தானேம்மா இங்க வந்து நிக்கறோம்" என்றார். "எனக்குத் தெரியாது. அப்படியே விட்டுடுங்க."

டாக்டரம்மா பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோனார். பிறகு ஒரு சின்னக் கோடு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே, கம்பு இங்கேயே இருக்கட்டும் ஐயா என்றார்.

கீழே கணக்கர் பேரேட்டோடு தயாராக இருந்தார். பதினோரு நாள், ஆயிரத்து முந்நூறு வீதம், பதினாலாயிரத்து முந்நூறு. இரண்டு முறை கூட்டினார், மூன்றாம் முறை கழித்துப் பார்த்தார். எதுவும் மிஞ்சவில்லை. கம்புக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கணக்கர் அளவுகோலை வைத்து, அந்தப் பழைய எண்ணின் மேல் சிவப்பு மையால் நேராக ஒரு கோடு இழுத்தார். அந்த எண்ணைப் பற்றி முதல் தடவையாக வாயையும் திறந்தார்.

"தீந்துச்சு. நாளைக்கு என்ன பண்ணப் போற?"

கம்புக்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கடனும் இல்லை, காசும் இல்லை.

"முதல்ல துணிக்கொடிக்கு ஒரு கம்பு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.