மாமனாரைக் கொண்டுபோன மஞ்சள் எறும்புகள்

என் மாமனாரை மஞ்சள் எறும்புகள் தூக்கிக்கொண்டு போனது போன ஆவணியில். அதுவரை அவர் எங்கள் வீட்டுக் கறுப்பெறும்புகளிடம் இருந்தார்.

அவருக்குச் சர்க்கரை அதிகம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஈசிசேரில் சாய்ந்ததும் கறுப்பெறும்புகள் ஒரே வரிசையாக வந்து, அவர் உள்ளங்காலிலிருந்து அன்றைய சர்க்கரையை ஆளுக்குத் துளியாக எடுத்துப் போகும். அதனால் அவருக்கு மாத்திரை தேவைப்படவில்லை. எறும்புகளை மாற்ற வேண்டாம் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

மஞ்சள் எறும்புகள் பர்மாவிலிருந்து மரத்தோடு கப்பலில் வந்து, துறைமுகச் சாலை மரக்கிடங்கில் இறங்கியவை. வரிசையில் போகத் தெரியாது. தலைதெறிக்க அங்குமிங்கும் ஓடும். ஆனால் தின்பதற்கு எது எங்கே இருக்கிறது என்று மற்ற எறும்புகளுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். எங்கள் தெருவில் முதலில் வெல்ல மண்டியைப் பிடித்தன. பிறகு மாமனாரைக் கண்டுபிடித்தன.

கறுப்பெறும்புகள் வாசற்படியில் மறித்துப் பார்த்தன. மஞ்சள் எறும்புகள் கடிப்பதில்லை. பின்பக்கத்தைத் தூக்கி, எரிகிற நீரைக் கண்ணில் பீச்சும். சாயங்காலக் காபிக்குள் சண்டை முடிந்துவிட்டது. என் மனைவி பூங்கோதை துடைப்பத்தோடு ஓடி வருவதற்குள் மாமனார் படுத்த வாக்கிலேயே தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிய எடுத்துட்டு வாம்மா" என்று குரல் மட்டும் கேட்டது.

பூங்கோதை அன்று சமைக்கவில்லை. "ரெண்டாவது ஜாங்கிரி எடுத்தாருன்னு காலைலதான் திட்டினேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கறுப்பெறும்புகளும் பசியோடு காலி ஈசிசேரைச் சுற்றி வந்தன.

மறுநாள் காலையில் கண்ணாடியோடு இருவரும் மரக்கிடங்குக்குப் போனோம். தேக்குக் கட்டைகள்மேல் மாமனார் குப்புறப் படுத்திருந்தார். எறும்புகள் மீசையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தன. செடிப்பேன்களிடம் அவை இப்படித் தடவித்தான் தேன் வாங்கும். தடவத் தடவ மாமனாருக்கு இனிப்பாக வியர்த்தது. அவர்மேல் உட்கார வந்த ஈயைச் சில எறும்புகள் சேர்ந்து விரட்டின.

"வீட்டுக்கு வாங்கப்பா" என்றாள் பூங்கோதை.

"உங்கம்மா போனப்புறம் என் முதுகை யாரும்மா தொட்டா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, இங்க ராணிங்களே நிறையப் பேரு. ஆனா ஒருத்தருக்கொருத்தர் சண்டையே கிடையாது. எந்தப் புத்துக்குப் போனாலும் உள்ள வாங்கங்கிறாங்க. ஜாங்கிரி வேணும்னா தூக்கிட்டே வந்துடுறாங்க" என்றார்.

பூங்கோதை கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் முதுகைச் சொறிந்துவிட்டாள். எறும்புகள் ஒதுங்கி இடம் கொடுத்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வியர்வை முன்னைவிட அதிகமாக வந்ததால், இனி அவள் தினமும் வரலாம் என்று ஆயிற்று.

நாங்கள் வீடு திரும்பியபோது கறுப்பெறும்புகள் ஒழுங்காக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. ஈசிசேரில் வேறொரு பெரியவர் சாய்ந்திருந்தார். பின்தெருவிலிருந்து தூக்கி வந்திருக்கின்றன. எங்களைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"பேரு தணிகாசலம்" என்றார் கூச்சத்தோடு. "எனக்குச் சர்க்கரை நானூறுக்குக் குறையாதும்மா."

பூங்கோதை அவருக்கும் சேர்த்து அரிசி களைந்தாள்.