செகோன்யானாவின் இருமல்

அன்று சுரங்கத்து மருத்துவமனையின் சோதனை அறையில் இருந்தவர்கள் இவர்கள்: துளைப்பொறி பிடிக்கும் பகீசோ, அவன் அப்பாவும் குழுத் தலைவருமான செகோன்யானா, பகீசோவின் உதவியாள் மகேதா, கைகளைச் சோதிக்க வந்த சிஸ்டர் டினேயோ. வேறு யாரும் இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லாம் அப்போது பூமிக்கு அடியில் இருந்தார்கள்.

லெசோத்தோ மலையிலிருந்து இறங்கி வந்து பிளாட்டினச் சுரங்கத்தில் துளைப்பொறி பிடிப்பவனுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. அவன் பெண் கேட்டுப் போனால், பெண்ணுக்காகக் கொடுக்கும் மாட்டுக் கணக்கில் யாரும் இழுத்தடிக்க மாட்டார்கள். செகோன்யானாவின் அப்பா பிடித்தார். பிறகு செகோன்யானா பிடித்தார். அவருக்குப் பின் பகீசோ. சிங்கக் குலத்தாரான இவர்கள் கையிலிருந்து அந்தப் பொறியை எவனும் பிடுங்கியதில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் பாதுகாப்பு அதிகாரிகள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொறியின் கைப்பிடியில் கட்டி அதன் அதிர்வை அளந்தார்கள். ஒரு முழு நாளைக்கு இவ்வளவுதான் தாங்கலாம் என்று வைத்திருந்த அதிர்வு, ஒரு மணி நேரம் ஆகும் முன்பே பகீசோவின் கைகளில் ஏறிவிட்டிருந்தது. கைப்பிடியில் ரப்பர் உறை இல்லை. செகோன்யானா தன் கத்தியாலேயே அதை அறுத்து எறிந்திருந்தார். பாறை பேசுவதை உள்ளங்கையில் கேட்கத் தெரியாதவன் துளைக்க லாயக்கில்லை என்பது அவர் கட்சி. அளந்தவர்கள், பொறி பிடிக்கிற ஒவ்வொருவன் கையையும் பார்த்தாக வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். கை மரத்தவனுக்கு இனிப் பொறி கிடையாது. துடைப்பம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் பகீசோ வாயைத் திறந்தான்.

"அப்பா, விரல் செத்துப்போச்சு. ஊருக்குப் போனா சட்டைப் பொத்தானக்கூட உங்க மருமகதான் போட்டுவிடுறா."

"எப்பலேருந்து?"

"ரெண்டு குளிர்காலமா."

செகோன்யானா நடையை நிறுத்தவில்லை. மலைக்காரர்கள் தோளில் சுற்றிக்கொள்ளும் போர்வைக்குள் அவர் கைகள் இறுகின.

"கண்ணக் கட்டிட்டு நூலால தொடுவாங்களாம். தொட்ட உடனே படுதுன்னு நாமதான் சொல்லணும். குழுத் தலைவர் கூட இருக்கலாம்னு சங்கத்துல பேசி வாங்கியிருக்காங்க. அவங்க தொடுறப்போ நீங்க ஒரு தடவ இருமுங்க. அது போதும்."

"பொய்யா இருமச் சொல்றியா என்னை?"

"துடைப்பம் பிடிக்கச் சொல்றீங்களா என்னை?"

மகேதா துளைக்க, அவன் பின்னால் தன் மகன் கல் தூசியைப் பெருக்கிக்கொண்டு போவதைச் செகோன்யானா ஒரு கணம் மனதில் பார்த்தார். சரி என்றார்.

சோதனை அறையில் பகீசோவின் கண்ணைத் துணியால் கட்டினார்கள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கான்," என்றான் மகேதா. "சிஸ்டர், நல்லா தொட்டுப் பாருங்க. சிங்கத்துக்கு நகம் இருக்கான்னு தெரியட்டும்."

"உன் முறை வரும், வாய மூடு," என்றாள் டினேயோ. இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நூலால் தொட்டாள். செகோன்யானா இருமினார். "படுது," என்றான் பகீசோ. தொட்டபோதெல்லாம் இருமல், இருமியபோதெல்லாம் "படுது". மலையிலிருந்து வந்த மனிதருக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும்.

"கைப்பிடியில ரப்பர் இல்லன்னு எழுதியிருக்காங்களே. யாரு அறுத்தது?"

"நான்தான்," என்றான் பகீசோ.

பிறகு வலது கையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி எடுக்கச் சொன்னாள். விரல்கள் மெழுகுவத்தி போல வெளுத்திருந்தன. அவள் பேனாவைக் கையில் எடுத்தாள்.

பேனா மேசையில் உரசிய சத்தம் பகீசோவுக்குக் கேட்டுவிட்டது. தங்கும் விடுதியில் யாரோ அவனுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். வெளுப்பு ரத்தத்தில் வருவது என்று சொன்னால் பொறியின் மேல் குற்றம் வராது, ஆளை விட்டுவிடுவார்கள் என்று.

"இது டிரில்லால வந்தது இல்ல சிஸ்டர்," என்றான் அவசரமாக. "எங்க பரம்பரை ரத்தமே அப்படி. பலவீனம். எங்கப்பாவுக்கும் இதே மாதிரி வெளுக்கும். குளிர்ல டீ கோப்பையக்கூட அவரால பிடிக்க முடியாது. அதான் எப்பவும் போர்வைக்குள்ளயே கைய வச்சிருப்பாரு."

மகேதாவின் சிரிப்பு நின்றது. அவன் செகோன்யானாவின் போர்வையைப் பார்த்தான். அந்தப் போர்வையைப் பதினோரு குளிர்காலமாகக் குழு முழுவதும் பார்த்திருக்கிறது. கம்பீரம் என்று நினைத்திருக்கிறது.

"அப்படியா?" என்றாள் டினேயோ. "குடும்பத்துல இருந்தா கணக்கு வேற. ந்தாத்தே, பெரியவரே, உங்க கையக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"என் கைக்கு இங்க என்ன வேலை?" என்றார் செகோன்யானா. "அவனப் பாரு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு, வலது கைக்கு வேறு நூல் எடுப்பதற்காகத் திரும்பி அலமாரியைத் திறந்தாள்.

செகோன்யானா இருமினார்.

"படுது," என்றான் பகீசோ. "ஆள்காட்டி விரல்ல."

டினேயோ அலமாரிப் பக்கமே நின்றாள். அவளுக்கும் மேசைக்கும் நடுவே நான்கு அடி தூரம். ஒரு தடவை போதும். கிழவருக்குப் போதவில்லை. அவளுடைய கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே மறுபடி இருமினார்.

"படுது. நடு விரல்."

மூன்றாவது தடவை இருமினார்.

"நல்லாவே படுது சிஸ்டர்," என்று சிரித்தான் பகீசோ. "சிங்கத்தோட விரல் இது."

மகேதா வாயைப் பொத்திக்கொண்டான். டினேயோ வந்து துணியை அவிழ்த்தாள். பகீசோ முதலில் அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தான். அப்புறம் திறந்து கிடந்த அலமாரியை. கடைசியில் அப்பாவை.

"அப்பா?"

செகோன்யானா எழுந்து போர்வையைச் சரிசெய்துகொண்டார். "மகேதா, அடுத்தது நீ. உக்காரு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மகேதாவின் விரல்களில் உணர்ச்சி இருந்தது. திங்கட்கிழமை பொறி அவன் கைக்குப் போனது. பொறியில் புது ரப்பர் உறையும், ஒருவன் இவ்வளவு நேரம்தான் பிடிக்கலாம் என்று எழுதி ஒட்டிய சீட்டும் இருந்தன. துடைப்பத்தைக் குழுத் தலைவர்தான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். செகோன்யானா வேறு யாரையும் கொடுக்கச் சொல்லவில்லை. கனத்த கையுறை போட்ட கையால் நீட்டினார். பகீசோவின் விரல்கள் துடைப்பத்தைச் சுற்றி மூடின. பிடித்துவிட்டோமா என்று தெரியாமல் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"கீழ பாத்துப் பெருக்கு," என்றார் அப்பா. "நம்ம ரத்தம் பலவீனம் இல்ல."

விடுதியிலும் ஊரிலும் ஒரு பேச்சு உலவுகிறது. அன்று கிழவருக்குக் கடுமையான சளி. இருமலை அடக்க முடியாமல் போனதால்தான் மகன் மாட்டிக்கொண்டான். பாவம், வேண்டுமென்று செய்ததில்லை. மாமனார் மேல் பழி வரக்கூடாது என்று மருமகள் மாலெராடோதான் இதைக் கிணற்றடியில் சொல்லி வருகிறாள்.

செகோன்யானாவுக்கு அன்று சளி இல்லை.