கொக்குக் கம்பெனியின் கோட்டு

என் மனைவியும் அவள் தங்கையும் சேர்ந்து எங்கள் இருவருக்கும் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். இருவர் என்றால் நானும் என் சகலையும். எங்களுக்கு ஒரே பைத்தியம்: பழைய விமானக் கம்பெனிகளின் சீருடைகளைச் சேர்ப்பது. கேப்டன் தொப்பி, பணிப்பெண் பாவாடை, கழுத்துத் துணி, எது கிடைத்தாலும் விடமாட்டோம். ஒருமுறை ஒரு கேப்டனின் கோட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நான்தான் முதலில் பார்த்தேன் என்று இழுத்ததில் ஒரு கை என்னிடமும் மிச்சக் கோட்டு அவரிடமும் வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பிறந்தது சட்டம்.

துணியை முதலில் தொட்டவர் கடைசியில்தான் பேச வேண்டும். அது எந்தக் காலத்தது, என்ன பதவிக்காரருடையது, யார் எப்படிப் புழங்கியது என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். யார் சொன்னது சரி என்று துணிக்குச் சொந்தக்காரர் சொல்கிறாரோ, துணி அவருக்கு. மேல்முறையீடு கிடையாது.

சகலை பல் டாக்டர். வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடியையும் ஒரு டார்ச்சையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவார். காலருக்கு அடியில், கைக்கு உள்ளே எல்லாம் விட்டுப் பார்ப்பார். 'கொஞ்சம் பெரிசா திறங்க' என்று கோட்டிடம் சொல்லாததுதான் பாக்கி. நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடுகிறவன். எந்த நசுங்கல் முதலில் விழுந்தது, எது அதன்மேல் விழுந்தது என்று தடவிச் சொல்வது என் பிழைப்பு.

போன மாதம் ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு பெண்மணி. அவருடைய அம்மா அந்தக் காலத்தில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவராம். அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதற்காகப் பழைய வீட்டைக் காலி செய்கிறாராம். "ஒரு கோட்டு இருக்கு, பிளேன் வால்ல கொக்கு போட்ட கம்பெனியோடது. வந்து எடுத்துட்டுப் போனீங்கன்னா எனக்கு ஒரு சுமை குறையும்" என்றார்.

முகவரியை இரண்டு தடவை எழுதிக்கொண்டேன். கொக்குக் கம்பெனி எப்போதோ மூடிப் போனது. அதன் பணிப்பெண் உடையில் தொப்பி, பாவாடை, தோள்பை, செருப்புகூட என்னிடம் உண்டு. கோட்டு மட்டும்தான் கிடைக்கவே இல்லை. பல வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். யாருக்கும் தெரியாமல் போய் எடுத்து வந்திருப்பேன். ஆனால் நான் குளிக்கப் போன நேரத்தில் என் மனைவி தங்கையிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"என்ன சகல, தனியா கிளம்பற மாதிரி இருக்கு?" தெருமுனையில் சகலை, பையில் கண்ணாடியோடு.

"உங்களக் கூப்பிடத்தான் வந்துட்டிருந்தேன்."

"எங்க வீடு இந்தப் பக்கம் இல்லையே."

அந்தப் பெண்மணி சொன்ன வீடு இரண்டாவது மாடியில். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். அந்த அம்மா நடுவில் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் கத்தரியுமாக நின்றார். நாங்கள் எங்கள் சட்டத்தைச் சொன்னதும் மகள் சலித்துக்கொண்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க? யாராவது ஒருத்தர் எடுத்துட்டுப் போங்களேன்."

"இருடி," என்றார் அம்மா. "சொல்லட்டும். எனக்கும் பொழுது போகணும்ல."

கோட்டு மேஜைமேல் வந்தது. கருநீலம். என் கை என்னைக் கேட்காமலே நீண்டு அதைத் தொட்டுவிட்டது.

"தொட்டாச்சு," என்றார் சகலை திருப்தியாக. டார்ச் எரிந்தது. கண்ணாடி உள்ளே போனது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார். "பொத்தான்ல கொக்கு இடது பக்கம் பாக்குது. அப்போ கம்பெனி ஆரம்பிச்ச புதுசு. லைனிங் அரக்கு கலர், அதுவும் அதே காலம். கையில ரெண்டு வெள்ளிப் பட்டை, சீனியர். இதுவரைக்கும் சரிங்களாம்மா?"

"சரி."

"ஆனா இடுப்புல தையல மூணு தடவ பிரிச்சு மாத்தியிருக்காங்க. ஊசித் துளை மூணு வரிசை. அந்தக் கம்பெனியில ஒருத்தர் வேலைய விட்டா, அந்தக் கோட்ட அளவு மாத்தி அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. அதனால இது மூணு பேர் போட்டது. நீங்க மூணாவது ஆள்."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "நான் அடுத்தவங்க போட்டதப் போட்டேனா?"

"கம்பெனி வழக்கம்மா அது. தப்பில்ல."

சகலை சொன்னதில் ஒரு குறையும் இல்லை. சேர்ப்பவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் பாதி தலையாட்டிவிட்டேன். பிறகு என் முறை வந்தது. விரலால் தடவினேன். மூன்று பேர் போட்டதென்றால் தோள் மாறியிருக்க வேண்டும், கை நீளம் மாறியிருக்க வேண்டும். அவை தொடப்படவே இல்லை. மாற்றியது இடுப்பை மட்டும்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு விரலகலம் வெளிப்பக்கமாக. மேல் பொத்தான்கள் தைத்த இடத்திலேயே இருந்தன. கீழ்ப் பொத்தான்கள் இரண்டு மட்டும் ஓரத்துக்கு நகர்ந்திருந்தன. கம்பெனித் தையல்காரர் மிஷினில் அடிப்பார். இது கைத்தையல், அதுவும் அவசரத்தில் போட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றைக்கே வேலையை விட்டு இறக்கிவிடுகிற கம்பெனி அது. எங்களைப் போன்றவர்களுக்கு இது பால பாடம். மகளைப் பார்த்தேன். டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார். சொல்வதா வேண்டாமா? சொல்லாவிட்டால் கோட்டு இல்லை.

"அம்மா," என்றேன், "இத நீங்க ஒருத்தர்தான் போட்டிருக்கீங்க. ஆனா பறந்தது ரெண்டு பேர்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மகளின் கையில் டேப் ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா சொல்றாரு?"

"உன்னத்தான்டி சொல்றாரு. அஞ்சு மாசம் முடியற வரைக்கும் பறந்தேன். எப்பவும் ட்ரேய முன்னாடி பிடிச்சுட்டே நடப்பேன். ராத்திரி ரூம்ல உக்காந்து தையலப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுவேன். ஒரு கேப்டன் மட்டும் கண்டுபிடிச்சுட்டாரு. 'இன்னிக்கு எடை கொஞ்சம் கூடியிருக்கு போல'ன்னு சொல்லிட்டு காக்பிட் கதவச் சாத்திட்டாரு, யார்கிட்டயும் மூச்சு விடல."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட? பாத்திரத்த எடு, பெட்டிய நகத்துன்னு இருக்க."

"அப்போ நான் டிக்கெட் எடுக்காம அவ்வளவு ஊர் போயிருக்கேனா?"

"ஆமா. ஒரு தடவகூட வாந்தி எடுக்கல. அதெல்லாம் நான்தான்."

மகள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கோட்டைத் தூக்கினார். "இத நான் குடுக்கப் போறதில்ல," என்றார்.

எனக்கு முன்னால் சகலை துள்ளி எழுந்தார். அவர் என் கட்சியில் நின்று நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அது எப்படிங்க? சரியாச் சொன்னவருக்குத்தான் துணி. சட்டம்னா சட்டம். இது எங்க சகலையோடது."

"நியாயம்தான்," என்றார் அம்மா. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

சட்டப்படி நான் கையை நீட்டியிருக்கலாம். அதற்குள் மகள் கோட்டை மாட்டிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டார். முதுகுப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கையை உயர்த்தினார்.

"கைய மேல தூக்காதீங்க," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் கோட்டு போய்விட்டது என்பது எனக்கே உறைத்தது. "அக்குள்கிட்ட லைனிங் நைஞ்சிருக்கு. ஒரு இழுப்புல போயிடும்."

சகலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓவரா கண்டுபிடிச்சீங்க சகல. மூணு பேர்னு நான் சொன்னதோட விட்டிருக்கலாம். கோட்டு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது இருந்திருக்கும்." ஆனால் அவராலும் சும்மா இருக்க முடியவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "கம்பி ஹாங்கர்ல மாட்டிடாதீங்க. தோள்ல புடைச்சுக்கும்."

"அந்துருண்டை போடாதீங்க," என்றேன் நான். "மடிச்சு வைங்க, நடுவுல பழைய வேட்டியச் சுருட்டி வச்சு."

"மடிக்கவே கூடாது. கோடு விழும்."

"உங்க வீட்டுல விழும். எங்க வீட்டுல விழாது."

"வெள்ளிப் பட்டைமேல மெல்லிசுக் காகிதம் வைக்கணும். நியூஸ்பேப்பர் ஆகாது."

"வெயில் படற அலமாரியும் ஆகாது. அத முதல்ல சொல்லுங்க."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையைத் தூக்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றார். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உன்ன வயித்துல வச்சிருந்தப்பகூட யாரும் என்ன இவ்வளவு பத்திரமாப் பாத்துக்கலடி," என்றார்.

அதற்குள் சகலை, நல்ல காகிதம் விற்கிற கடை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படி இறங்கிவிட்டார்.