இறங்க மறுத்த கஸாலா

மகள் ஷம்சாவின் கல்யாணத்தன்று மர்ஹூன் மேலே எறிந்த வேட்டைத் துப்பாக்கி, மூன்று வருடம் இரண்டு மாதம் கழித்துக் கீழே வந்தது. எறிந்ததில் குறையில்லை. ஓமான் மலையிலிருக்கும் ருமானா கிராமத்தில், கல்யாண ஆட்டத்தின் நடுவே பெண்வீட்டுக்காக ஒருவன் துப்பாக்கியைச் சுழற்றி வானத்தில் எறிந்து ஒரே கையால் பிடிக்க வேண்டும். தரையில் விழவிட்டவனை அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் கை தட்டக்கூடக் கூப்பிட மாட்டார்கள். பிடிக்கும்வரை முற்றத்தை விட்டு நகரவும் கூடாது. மர்ஹூன் நாற்பது கல்யாணங்களில் பிடித்துக் காட்டியவன். நாற்பத்தோராவதில் துப்பாக்கி ஆறு சுற்றுச் சுற்றி, மசூதிக் கூரைக்கு மேலே ஒரு பேரீச்சை மர உயரத்தில் நின்றுவிட்டது. மேளக்காரர்கள் மரியாதைக்கு இன்னும் அரைமணி நேரம் வாசித்துவிட்டு, சோறு ஆறுகிறதென்று சாப்பிட உட்கார்ந்தார்கள்.

துப்பாக்கிக்குக் கஸாலா என்று பெயர். அடிக்கட்டை விரிசலுக்குச் செப்புக் கம்பி சுற்றியிருந்தது, கம்பிக்கு மேல் ஆட்டுத்தோல். மர்ஹூனின் தகப்பன் கன்னமும் பிறகு அவன் கன்னமும் பதிந்து பதிந்து கட்டையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வரையாட்டைச் சுடக்கூடாதென்று அரசாங்கம் சொல்லி முப்பது வருடமாகிவிட்டதால், கஸாலா கல்யாணங்களுக்கு மட்டுமே வெளியே போய்வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மர்ஹூன் அதற்கு நெய் பூசி, எந்த வரையாடு எந்தப் பாறையில் குட்டி போட்டது என்று சொல்லிவைப்பான். அவன் மனைவி ஸயானாவுக்கு அந்தச் செய்தி அடுத்த நாள்தான் கிடைக்கும்.

அது இறங்காததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஸயானாவின் அண்ணன் ஸஹ்ரான், மாப்பிள்ளையின் தகப்பன், நகரத்துக் கோட்டையில் பழம்பொருள் காவலாளி. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மர்ஹூன் வீட்டுக்கு வந்தவர், ஊற்றிவைத்த காவாவை, அந்த ஏலக்காய்க் கடுங்காப்பியை, தொடவில்லை. விருந்தாளி காவாவைத் தொடாமல் உட்கார்ந்தால் அவன் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும்.

“வேட்டையும் இல்ல, சுட்டாலும் குண்டு இடதுபக்கமா போவுது. கண்ணாடிக்குள்ள வச்சா நாலு பேராவது பாப்பாங்க, மச்சான்.”

காவா ஆறிக்கொண்டிருந்தது. கல்யாணம் முடிந்ததும் தருகிறேன் என்று மர்ஹூன் சொல்லிவிட்டான். மேலே மாட்டியிருந்த கஸாலா அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே மர்ஹூன், கல்யாணம் நடந்த ஸஹ்ரானின் முற்றத்தில் வலது கையை நீட்டியபடி நின்றான். கூட்டமும் கலைந்தது, பந்தலும் பிரிந்தது, அவன் நின்றான். தொழுகையும் தூக்கமும் அங்கேயே. கன்னத்துக்குப் பள்ளம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றதால் ஸயானா நடுவில் குழிவைத்து ஒரு தலையணை தைத்துத் தந்தாள்.

“இருவத்தாறு வருஷத்துல எனக்காக ஒருநாள் வாசல்ல நின்னிருப்பீங்களா, ஷம்சா வாப்பா?”

“நீ ஒருநாளும் மேல போயி நின்னுக்கலையே,” என்றான் மர்ஹூன்.

முதல் வருடம் பேரன் பிறந்தான். இரண்டாம் வருடம், வாய்க்கால் தண்ணீரைத் தோட்டங்களுக்கு நிழல் பார்த்து முறைவைக்கும் கம்பத்தை ஓர் ஆடு முட்டிச் சாய்த்தது. நீர்முறைக்காரர் ஹம்யர் வேறு வழியில்லாமல் மசூதிச் சுவரில் ஊர்ந்த கஸாலாவின் நிழலைக் கணக்கில் வைத்தார். மேகமூட்டத்திலும் அந்த நிழல் விழுந்தது. ரோஜாத் தோட்டக்காரர்களும் மாதுளைத் தோட்டக்காரர்களும் முதல்முறையாகச் சண்டை போடாமல் ஒரு வருடம் கழிந்தது. அதற்கப்புறம் கஸாலா இறங்கக்கூடாதென்று தொழுகையில் வேண்டிக்கொண்டவர்கள் பலர். மர்ஹூனுக்கு முகம் வாடிப்போயிற்று. தன் துப்பாக்கி தன்னிடம் வரக்கூடாதென்று ஊரே கேட்கிறது. வந்தாலோ நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போக வேண்டும்.

வழியைக் கண்டுபிடித்தவள் ஸயானாதான். “மூணு வருஷமா யாரு வீட்டு விருந்தாளி நீங்க? எங்கண்ணன் ஊத்துற காவாவ ஏன் மடக்கு மடக்குன்னு குடிக்கிறீங்க?”

மறுநாள் காலை மர்ஹூன் காவாவைத் தொடவில்லை. ஸஹ்ரான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன வேணும், மச்சான்?”

“குடுத்த வாக்கு திரும்ப வேணும்.”

ஹம்யர் ஓடிவந்தார். “அடப்பாவி, ஊருத் தண்ணிய நெனச்சுப் பாரப்பா! சும்மா ஒரு வாய் குடிச்சிரு!”

மர்ஹூன் குடிக்கவில்லை. காவாவில் தூசி படிந்தது. ஸஹ்ரான் கோப்பையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஊர் பார்ப்பதைப் பார்த்தார். “எடுத்துட்டுப் போய்யா,” என்றார்.

கஸாலா விட்ட இடத்திலிருந்து ஆறு சுற்றுச் சுற்றி இறங்கியது. மர்ஹூன் ஒரே கையால் பிடித்தான். கன்னத்தைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான், சரியாக இருந்தது. ஆறிய காவாவை நின்றபடியே குடித்துவிட்டு, கன்றைப் போட்டுக்கொள்வதுபோல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். கோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் இப்போது குழிவைத்த தலையணை இருக்கிறது, நாலு பேருக்கு மேலேயே பார்க்கிறார்கள்.

போகிற வழியில், தரையில் விழுந்த அவன் நிழலின் தோளில் எதுவும் இல்லை என்பதைப் பேரன்தான் காட்டினான். ஹம்யர் மசூதிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். துப்பாக்கியின் நிழல் அங்கேயே இருந்தது, வழக்கம்போல் முறை மாறும் நேரத்துக்கு அத்திமர மூலையைத் தொட்டிருந்தது. அவர் மடையை அடைத்து, தண்ணீரை மாதுளைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார்.